தக்காளிக்கு இரண்டு விலை

இந்த மாநிலத்தில் ஒரு குடும்பம் மானத்தோடு வாழ மாதம் எவ்வளவு வேண்டும்? என்னைக் கேளுங்கள். புள்ளிவிவர ஆபீஸில் அந்தச் சராசரியைப் போடுகிறவனே நான்தான். சராசரிச் சம்பளமும் நான்தான் போடுகிறேன். என் சம்பளம் அதற்குக் கீழே. அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

மாதா மாதம் கடை கடையாக ஏறி இறங்குவேன். உருளைக்கிழங்கு என்ன விலை, சோப்பு என்ன விலை என்று கேட்டு எழுதுவேன். மாநிலம் பூராவும் என்னைப் போன்றவர்கள் எழுதுவதைக் கூட்டி வகுத்தால் வாழ்க்கைச் செலவு வந்துவிடும். என் வீட்டில் மட்டும் வகுக்க எதுவும் மிஞ்சுவதில்லை.

எனக்கு ஒரு சாய்வு நாற்காலி மேல் ஆசை. ஜன்னலோரம் இடம்கூடப் பார்த்து வைத்திருந்தேன். என் மனைவிக்கு வாஷிங் மெஷின் மேல் கண். அவள் பார்த்து வைத்திருந்ததும் அதே ஜன்னலோரம். முந்திக்கொள்வோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அறிக்கையும் கையுமாக அவள் முன் போய் நின்றேன்.

"இனிமே வீட்டுச் செலவுக்கு மாநிலச் சராசரிதான். ஒரு காசு கூடக் கிடையாது. மிச்சத்துல நாற்காலி."

துவைத்துக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்தாள். "அந்த விலைக்கெல்லாம் சாமான் கிடைக்குமாங்க?"

"கிடைக்காமலா எழுதியிருக்கேன்? கடைக்காரங்க வாயால சொன்னது!"

"அப்ப ஒரு மாசம் நீங்களே வாங்கிட்டு வாங்க. மிஞ்சினா நாற்காலி. பத்தலைன்னா அப்புறம் நான் கேக்கறதைக் கொடுத்துடணும். மூச்சு விடக் கூடாது."

சண்டையில்லாமல் சம்மதித்துவிட்டாள். அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். இதற்கு முன் அவள் இப்படிச் சட்டென்று சம்மதித்தது எங்கள் கல்யாணத்துக்குத்தான். அதிலும் மாட்டிக்கொண்டவன் நான்தான்.

பையைத் தூக்கிக்கொண்டு, வழக்கமாக விலை எழுதும் காய்கறிக் கடைக்குப் போனேன்.

"தக்காளி என்னய்யா விலை?"

"கணக்குக்கா சார், வீட்டுக்கா?"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"கணக்குக்குன்னா குறைச்சுச் சொல்லுவேன். அரசாங்கம் கேட்டா அடக்கமாத்தான் பேசணும்னு எங்கப்பா சொல்லிக் கொடுத்திருக்கார்."

"வீட்டுக்குன்னா?"

"நானும் பிழைக்கணுமே சார்."

மளிகைக் கடையிலும் அதே கதை. சோப்பு வாங்கின இடத்தில் கேட்கக்கூட இல்லை, பையைப் பார்த்தே வீட்டு விலையைப் போட்டுவிட்டார்கள். ஆபீஸில் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் இத்தனை வருஷ அறிக்கையும் என் மானமும் சேர்ந்து கிழியும். வாயை மூடிக்கொண்டேன்.

பாதி மாதத்தில் பணம் காலி. பஸ்ஸை விட்டுவிட்டு ஆபீஸுக்கு நடந்தேன். சாப்பாட்டு டப்பாவில் காய்கறி என்பது வெறும் வதந்தியாகிவிட்டது. மாதக் கடைசியில் சரணாகதி. பழைய செலவுப் பணம், மேற்கொண்டு அதில் பாதி, அவள் கேட்டபடி எண்ணிக் கொடுத்தேன். மாதா மாதம் கொடுத்தேன். பேச்சு பேச்சாக இருக்க வேண்டுமல்லவா, மூச்சு விடவில்லை.

சில மாதம் போயிற்று. ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், ஜன்னலோரம் வாஷிங் மெஷின்.

"ஏதுடி இவ்வளவு பணம்?"

"செலவுப் பணத்துல மிச்சம் பிடிச்சேங்க."

"விலைவாசி இருக்கிற இருப்புல மிச்சமா? நான் பட்டினி கிடந்து பார்த்தவன்!"

"எனக்கு எல்லாக் கடையிலயும் கணக்கு விலைதான். கல்யாணமான புதுசுலருந்தே."

"உனக்கு மட்டும் எப்படி?"

"எனக்குக் கணக்கு விலை போடலைன்னா, உண்மை விலையை எங்க வீட்டுக்காரரை எழுத வெச்சிடுவேன்னு கடைக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லி வெச்சிருக்கேன். நான் சொன்னா நீங்க எழுதிடுவீங்கன்னு அவங்களுக்கும் தெரியும்."

எனக்குத் தலை சுற்றியது. உட்கார நாற்காலியும் இல்லை.

"அப்ப இத்தனை நாளா என்கிட்ட வாங்கினது?"

அவள் என் சட்டையைக் கழற்றச் சொல்லி வாங்கி மெஷினுக்குள் போட்டாள்.

"அது வீட்டு விலைங்க."