முதல்ல சிரிக்கிறவர்

நம்ம தேக்கா வட்டாரத்துல முதல்ல சிரிக்கிறவர்னு ஒரு ரகம் உண்டு. இங்கிலீஷ் படத்துக்கு நாலு பேரைக் கூட்டிட்டுப் போயி, நடு சீட்டுல உட்காந்து, எங்க சிரிக்கணுமோ அங்க முதல்ல சிரிப்பாரு. மத்தவங்க அவரு முகத்தைப் பாத்துச் சிரிப்பாங்க.

பாஷை தெரியாததுனாலயா? அது மட்டும் இல்லைங்க. ஒருத்தன் வழுக்கி விழுந்தா யாரும் சிரிக்கலாம். சர்வாதிகாரியை நக்கல் பண்ற சண்டைப் படத்துல தளபதி ஒப்பாரி வைப்பான், குண்டு விழும், ஊரே போயிரும், வெள்ளைக்காரன் வயித்தைப் புடிச்சுட்டுச் சிரிப்பான். நாம எதை நம்பிச் சிரிக்கிறது? ஜப்பான்காரன் ஆண்ட காலத்துல தப்பான நேரத்துல பல்லைக் காட்டி, அறை வாங்கிக் கன்னம் வீங்குனவங்க நாம.

பஃபலோ ரோடு தையல்கடை ஒலி முகம்மது பாய் இந்த ரகத்துல பெரிய ஆளு. ரகசியம் என்னன்னா, மத்தியான ஆட்டத்துக்கே தனியாப் போயி, வெள்ளைக்காரன் எங்கெங்க சிரிக்கிறான்னு மனசுல வாங்கிக்குவாரு. சாயங்காலம் அவனுக்கு அரை நொடி முன்னாடி சிரிச்சுருவாரு. அந்த அரை நொடிதான் அவரோட மரியாதை.

ஒரு நாள் புதுப்படம், அன்னைக்குன்னு பாத்து மத்தியானம் அவருக்குப் பேத்தி பொறந்துருச்சு. ஆஸ்பத்திரியில அந்த அரிசி மாதிரி நகத்தையே பாத்துட்டு நின்னாரு. ஆட்டம் போச்சு. சாயங்காலம் ஒண்ணும் தெரியாம நடு சீட்டுல உட்காந்தாரு.

விளக்கு அணைஞ்சுச்சு. திரையில ஒரு ஜெனரல், மார் நிறைய மெடலு, மூக்கை மேல தூக்கிட்டு நடக்குறான். பாய் சிரிச்சாரு. கூட வந்த மருதப்பன் சிரிச்சாரு. சாகுல் ஹமீது தொடையைத் தட்டிச் சிரிச்சாரு. பின்வரிசையும் சேந்துக்கிச்சு.

முன்வரிசை கிளார்க்கு ஒருத்தரு திரும்பி, "என்னங்க, இது நியூஸ் ரீலு. படம் இன்னும் போடல"ன்னாரு.

மருதப்பன் குனிஞ்சு, "பாய், இவன் நெசமான ஜெனரலாம் லா."

"தெரியும் லா. அதான் முதல்ல சிரிச்சேன்."

சொல்லிட்டாரே தவிர, மறுபடி தப்பிருமோன்னு பயம் புடிச்சுக்கிச்சு. படம் ஓடுது, மத்தவங்க சிரிப்புல கொட்டகையே குலுங்குது, பாய் உதட்டை அசைக்கல. அவரு அசைக்காம யாரு அசைக்கிறது? ரெண்டு மணி நேரம் எழவு வீட்டுல உட்காந்த மாதிரி உட்காந்துருந்தாங்க. ஒரு இடத்துல மருதப்பனுக்குச் சிரிப்பு முட்டிக்கிட்டு வந்து, கைக்குட்டையை வாயில திணிச்சுக்கிட்டாரு.

வெளிய வந்து கண்ணைத் துடைச்சாரு. "ரொம்ப சோகமான படம் பாய்."

"ஆமாப்பா. பொம்பளைங்களைக் கூட்டிட்டு வந்துராதீங்க."

மறுநாள் தேக்கா பூரா அது சோகப் படம்னு பேச்சு. அடுத்த ஆட்டத்துக்குப் போனவங்க கைக்குட்டையோட போனாங்க.

நீங்க அப்படி இல்லைன்னு சொல்லுவீங்க. நல்லது. இப்ப இதைப் படிச்சு எங்க சிரிச்சீங்க? யாரு சிரிச்சதுக்கு அப்புறம்?