கண்மூடல் ஆணை

ஏழு மலைகளுக்கும் ஒரு மஞ்சள் ஆற்றுக்கும் அப்பால் ஷான்லோ என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டில் பாகுபாடு கிடையாது. பாகுபாடு காட்டினால் தண்டனை என்று சட்டமே இருந்தது. ஆகவே அப்படி ஒன்று இருப்பதாக யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

அந்நாட்டின் மூன்றாம் எண் மேல்நிலைப்பள்ளியில், விடுதியில் தங்கி வெய்லான் என்ற பெண் படித்து வந்தாள். வயது பதினேழு. பாலம் கட்டும் பொறியாளராக வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்குத் தலைநகரத் தேர்வை எழுதியாக வேண்டும். அவளுக்குப் பையன்கள்மேல் மனம் போகவில்லை, உடன் படிக்கும் சூயின்மேல் போயிற்று. அதைச் சூயினிடம் சொல்லவும் செய்தாள். சூயின் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் சொன்னார்கள்.

யாரும் வெய்லானை அடிக்கவில்லை, திட்டவில்லை. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது அந்தப் பள்ளிக்குக் கைவந்த கலை. அவள் வந்து உட்கார்ந்ததும் அந்தப் பெஞ்சில் இருந்தவர்களுக்கெல்லாம் ஜன்னல் காற்று தேவைப்பட்டது. அவள் குளிக்கப் போனால் உள்ளே இருந்தவர்களுக்குத் திடீரென்று நேரமாகிவிட்டது. உடலியல் ஆசிரியை, "சில பேருக்கு இந்த வயசுல இப்படி வரும், தானா சரியாயிடும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அவளைப் பார்த்து மட்டும் புன்னகைப்பார். வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்க்கும்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, நல்லிணக்க அமைச்சகத்துக்கு அவள் ஒரு மனு எழுதினாள். விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார்.

"யாராவது அடிச்சாங்களாம்மா?"

"இல்லைங்க ஐயா."

"திட்டினாங்களா?"

"இல்லைங்க. பக்கத்துல உக்கார மாட்டேங்குறாங்க. ஒரு மாதிரி பாக்குறாங்க."

"பாக்குறாங்க" என்று அதிகாரி எழுதிக்கொண்டார். அவர் முகம் தெளிந்தது. பெஞ்சில் உட்கார வைப்பதற்கு மனிதர்களைத் திருத்த வேண்டும். பார்வைக்கு ஓர் ஆணை போதும்.

பதினைந்தாம் நாள் ஆணை வந்தது. "அன்புக்குரிய வேறுவகையினர் கடந்து செல்லும்போது, அவர்கள் மனம் நோகாதிருக்கும் பொருட்டு, குடிமக்கள் அனைவரும் கண்களை மூடிக்கொள்ளக் கடவர்." பார்த்தால்தானே பாகுபாடு என்று மந்திரி விளக்கம் தந்தார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடும் என்பது ஷான்லோவில் அரசாங்கக் கொள்கை.

ஆணையில் ஒரு சிக்கல் இருந்தது. வருவது வெய்லான்தானா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் பார்க்க வேண்டும், பார்த்தால் குற்றம். ஒரு குழு கூடி ஆராய்ந்து, அவள் மணிக்கட்டில் ஒரு சிறு மணியைக் கட்டியது. நல்ல வெள்ளி மணி. அதைக் கட்டிவிட்ட அதிகாரி, கண்ணை மூடிக்கொண்டே, "உனக்காகத்தாம்மா இவ்வளவும்" என்றார்.

அதன்பின் பள்ளியில் மணிச்சத்தம் கேட்ட இடமெல்லாம் இமைகள் மூடின. அவள் சந்தேகம் கேட்கக் கை தூக்கினால் ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போனார். சமையல்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றிய கஞ்சி அவள் கையில் கொட்டியது. அவர் மிகவும் வருந்தினார், கண்ணைத் திறக்காமல்.

சூயின் மட்டும் பத்து நாள் அவளைப் பார்த்தாள். பதினோராம் நாள், "உன் முகம் வாடியிருக்கு" என்று அவள் வெய்லானிடம் சொன்னது யார் காதிலோ விழ, வேறுவகையினரில் ஒருவரைப் பார்த்துப் பாகுபாடு காட்டியதாகச் சூயின்மேல் புகார் எழுந்தது. மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கி, அவளை வேறு அறைக்கு மாற்றினார்கள். மறுநாள் தாழ்வாரத்தில் மணிச்சத்தம் கேட்டதும் சூயினும் கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை நாள் அழாத வெய்லான் அன்று அழுதாள்.

தேர்வு நெருங்கியது. தலைமை ஆசிரியர் பாங் அவளைக் கூப்பிட்டு, இமைகளை மூடி, ரொம்பவும் பரிவாகப் பேசினார்.

"நீ உள்ள வந்தா மேற்பார்வையாளர் கண்ணை மூடணும். கண்ணை மூடிக்கிட்டு எப்படிம்மா மேற்பார்வை பாக்குறது? உனக்குக் கேள்வித்தாள் யாரு குடுப்பா?"

"நான் என்னங்க ஐயா செய்யணும்?"

"சொந்த விருப்பத்துல படிப்பை நிறுத்திக்கிறதா ஒரு கடிதம். நானே எழுதி வச்சிட்டேன். நாளைக்கு விழா முடிஞ்சதும் ஆபீஸ்ல கையெழுத்து போட்டுடு. சாயங்காலம் தேர்வுப் பட்டியல் தலைநகருக்குப் போயிடும், அதுக்குள்ள உன் பேரை எடுக்கணும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவள் சரி என்றாள். களைத்துப்போயிருந்தாள்.

மறுநாள் விழாவில் மந்திரியே வந்து, நாட்டிலேயே மிகவும் பாகுபாடற்ற பள்ளி என்ற கேடயத்தை வழங்கினார். ஆணையின் வெற்றியை அவருக்குக் காட்ட வேண்டாமா? பூங்கொத்துடன் வெய்லான் மேடைக்கு நடந்துவர வேண்டும் என்று ஏற்பாடு. அரங்கில் இரண்டாயிரம் பேர் இருந்தார்கள். மணி ஒலித்தது. மந்திரி முதலில் மூடினார்; பின்னால் எல்லோரும்.

நடைபாதையின் நடுவில் அவள் நின்றாள். எவரும் பார்க்காதபோது சபையை நன்றாகப் பார்க்கலாம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சூயினைத் தேடினாள். சூயினின் கண்கள் இறுக மூடியிருந்தன.

பிறகு மற்றவற்றைக் கண்டாள். ஒன்பதாம் வரிசையில் இரண்டு கண்கள் திறந்திருந்தன. தூணோரம் நின்ற உடற்பயிற்சி ஆசிரியரின் கண்கள். மந்திரியின் காவலர்களில் ஒருவனுடையவை. பின்வரிசைப் பெற்றோர்களில் ஏழெட்டுப் பேர். அங்கொன்றும் இங்கொன்றுமாக, நாற்பது பேராவது இருக்கும். அவளைப் போன்றவர்களா, ஆணையை மதிக்காதவர்களா, அவளுக்குத் தெரியவில்லை. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சாதாரணமாக, பேருந்தில் எதிரே இருப்பவரைப் பார்ப்பதுபோல.

மந்திரி மூடிய கண்களோடு மனப்பாடமாகப் பேசினார். "இந்த அரங்கில் ஒருவர்கூடக் கண் திறக்கவில்லை என்பதை நான் பெருமையோடு அறிவிக்கிறேன்." மறுத்துச் சொல்ல ஆள் இல்லை. திறந்திருந்த கண்களைக் காட்டிக்கொடுக்க வேண்டுமானால், காட்டிக்கொடுப்பவரும் கண்ணைத் திறந்திருக்க வேண்டுமே.

விழா முடிந்து அவள் அலுவலகத்துக்குப் போனாள். அங்கே பட்டியல் எழுதும் குமாஸ்தா மெய்ஃபென் இருந்தாள். நாற்பது வயதுப் பெண், யாரோடும் அதிகம் பேசாதவள். கடிதம் மேஜைமேல் தயாராக இருந்தது. மணிச்சத்தம் கேட்டும் மெய்ஃபென் கண்ணை மூடவில்லை.

"மை தீந்துபோச்சு. நாளைக்கு வா" என்றாள். மைக்கூடு அவள் முழங்கைக்குப் பக்கத்திலேயே கழுத்துவரை நிறைந்திருந்தது.

வெய்லான் மைக்கூட்டையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"பட்டியல் இன்னைக்கே போயிடுமேம்மா. என் பேரும் போயிடும். தேர்வு ஹால்ல எல்லாரும் கண்ணை மூடிக்குவாங்க, கேள்வித்தாள் யாரு தருவாங்க?"

"எல்லாருமா மூடுறாங்க?" என்று கேட்டபடி மெய்ஃபென் பட்டியலை உறையில் போட்டு ஒட்டினாள்.