அரைவட்டம் அண்ணனுக்கு வராத பக்கம்

அம்பத்தூர் வீடியோ கேம் கடைகளில் எத்தனையோ விரல்கள் பட்டனை அழுத்தியிருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் ராஜா ‘அரைவட்டம்’ அண்ணனின் விரல்தான். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது.

வயது நாற்பது இருக்கும். தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஷிப்டு முடிந்ததும் சாப்பாட்டுப் பையோடு டேனியல் அண்ணன் கடைக்கு வந்து, கல்லூரிக்கு மட்டம் போட்ட எங்களோடு வரிசையில் நிற்பார். மிஷினின் ஜாய்ஸ்டிக் குச்சியை இடமிருந்து கீழ்வழியாக வலப்பக்கம் அரைவட்டமாகச் சுழற்றி, முடிகிற நொடியில் குத்துப் பட்டனைத் தட்டினால், திரையில் நம் ஆளின் கையிலிருந்து நெருப்பு பறக்கும். எங்களுக்குப் பறந்தால் அன்று தீபாவளி. அவருக்குத் தவறியதே இல்லை.

“குத்தாத நைனா, தடவு. கொயந்த கன்னத்த தொடற மாதிரி” என்பார். பஸ்ஸில் டிரைவர் பக்கத்தில் நின்று கியரையே ஆசையாகப் பார்ப்பார். டிரைவர் பயந்துபோய் அவரைப் பின்னால் அனுப்பிவிடுவார்.

ஒரே குறை, அவருக்கு வலப்பக்கம் மட்டும்தான் வரும். எதிராளி தலைக்குமேல் தாவி மறுபக்கம் போய்விட்டால் குச்சியையும் இடப்பக்கமாகத் திருப்பிச் சுழற்ற வேண்டும். அதற்குக் கை மறுத்துவிடும். “இன்னாபா இவன், ஒரு எடத்துல நிக்க மாட்றான்” என்று திரையைத் திட்டுவார்.

இந்தச் சேதி முகப்பேர் வரை போய், ஒரு ஞாயிறு மதியம் அங்கிருந்து ஒருவன் வந்தான். “தோத்தா இனிமே இந்தக் கடைப்பக்கமே வர மாட்டேன்” என்று அண்ணன் எல்லார் முன்னாலும் வாய்விட்டார். ஆட்டம் தொடங்கியதுமே அவன் தாவி மறுபக்கம் நின்றுகொண்டான். கடைசிச் சுற்றில் அண்ணனுக்கு உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

சட்டென்று மிஷினுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். கைகளைப் பின்னால் கொண்டுபோய்க் குச்சியைப் பிடித்தார்.

“இப்ப என் வலது, மிஷினுக்கு எடது. வா மாமே.”

நெருப்பு பறந்தது. மறுபடியும் பறந்தது. கடையே கூரை அதிரக் கத்தியது. முகப்பேர்க்காரன் தப்பிக்கத் தாவி பழைய பக்கத்துக்கே வந்துவிட்டான். அது முதுகுக்கு எப்படித் தெரியும்? அண்ணன் எதிர்ச்சுவரைப் பார்த்துப் புன்னகைத்தபடி தடவிக்கொண்டே இருந்தார். அவர் ஆள் காற்றைக் குத்திக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து ஒரே உதை. விழுந்தான்.



“இன்னா ஆச்சு? யார் உயுந்தது?” திரும்பாமலே கேட்டார் அண்ணன்.

டேனியல் அண்ணன் எட்டி மிஷினின் சுவிட்சை அணைத்தார். முதலில் வாயைத் திறந்தவன் முகப்பேர்க்காரன்தான்.

“நான்தாண்ணா” என்றான்.

இன்றுவரை அம்பத்தூரில் யாரும் அதை மறுத்துப் பேசியதில்லை.