மேல்மாடியில் குடியிருப்பவர்கள் யார் என்று கேட்ட மச்சானுக்கு

மயிலிட்டி,
ஆனி 14

பேரன்புக்குரிய மச்சான் முருகேசு அவர்களுக்கு, உம்முடைய தங்கை சிவகௌரியின் புருஷன் தம்பிராசா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் சுகம். ரொறன்ரோவில் நீரும் மச்சாளும் பிள்ளைகளும் சுகமாயிருக்க அம்மனை வேண்டுகிறோம். சுகம் விசாரிப்பு இத்துடன் முடிந்தது, இனிச் சண்டை. தொலைபேசியில் என்றால் என்னைக் கதைக்க விடமாட்டீர் என்பதால் எழுதி, படம் பிடித்து, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

பக்கத்து வீட்டு றஜனி, உம்முடைய புது வீட்டு மேல்மாடியில் விடியவிடிய ஒரே சத்தம், தம்பிராசா ஆட்களைக் குடிவைத்துவிட்டார் என்று உமக்குச் சொன்னாளாம். அதைக் கேட்டு நேற்று என்னிடம் நீர் கேட்ட கேள்வி இன்னும் வயிற்றில் எரிகிறது. "பால் காய்ச்சிக் குடிபூர முதலே என்ரை வீட்டிலை ஆரைக் கொண்டுவந்து இருத்தி வைச்சிருக்கிறீர்?" நானா இருத்தி வைத்தேன்? அந்த வீட்டுத் திறப்பை அரைஞாணில் கட்டிக்கொண்டு படுக்கிறவன் நான். அவர்கள் திறப்பே கேட்கவில்லை. பறந்து வந்துவிட்டார்கள். பதினொரு சோடி ஆலா, மச்சான். கடலில் மீன் கொத்தித் திரியும் அதே ஆலாப் பறவைதான்.

எல்லாம் மச்சாளின் ஆசையில் தொடங்கியது. குடிபூரல் சாப்பாட்டை மேல்மாடியில் கடற்காற்றோடு போடவேண்டும் என்றார். நல்ல காரியம் என்றால் முற்றத்துக்குப் புது மணல் பரப்புகிறது எங்கள் வழக்கம். சாப்பாடு மேலே என்றால் மணலும் மேலேதானே? வைகாசி பிறந்ததும் ஒரு லான்ட்மாஸ்டர் வண்டி நிறைய வெள்ளை மணலை வாளி வாளியாய் ஏற்றிச் சிப்பியும் சோகியுமாகப் பரப்பினேன். நாற்பது வருடம் கடலுக்குப் போனவன், சிப்பி மணலைக் கண்டால் ஆலா என்ன நினைக்கும் என்று எனக்கு ஓடவில்லை. அது ஒன்று என் பிழை. இன்னொரு முறை ஒப்புக்கொள்ளமாட்டேன்.

ஆனால் அவர்கள் செய்கிற அநியாயத்தைக் கேளும். கூடு கட்டுகிற மரியாதைகூடக் கிடையாது, வெறும் மணலில் முட்டை. பந்தல்கால் அளக்கப் போன என் உச்சந்தலையில் இரண்டு கொத்து, சட்டை முழுக்க எச்சம். அன்றிலிருந்து மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் போட்டுக்கொண்டுதான் உம்முடைய மாடிப்படி ஏறுகிறேன், ஊர் பார்த்துச் சிரிக்கிறது. தண்ணீர்த் தாங்கி வழிகிற இடத்தில் வயிற்றை நனைத்து நனைத்துப் போய் முட்டையில் குந்துகிறார்கள். ஐயர் ஒரு குடம் தண்ணீர் எடுக்க முன்னம் இவர்கள் முழுகி முடித்துவிட்டார்கள்.

இதற்குள் கம்பஸில் படிக்கிற பிள்ளை ஒன்று, நிவேதனா என்று பெயர், தூரக்கண்ணாடியும் கொப்பியுமாக வந்து என்னைத்தான் மெதுவாக நடக்கச் சொன்னது. வருடாவருடம் எங்கேயோ போய்த் திரும்பி வருகிற இந்த ஆலாக்கள் மேற்கே உள்ள மணல்திட்டில்தான் முட்டையிடுமாம். இப்போது கடல் ஏறி, முட்டைக் காலத்தில் திட்டு மூழ்கிப் போகிறதாம். இரண்டு வருடம் முட்டையெல்லாம் அள்ளுண்டு போனதால் உயரமான இடம் தேடுகின்றனவாம். வெயிலும் கூடிவிட்டதாம், அதுதான் ஓயாத நனைப்பாம். "ஐயா, அதுகள் பழக்கத்தை மாத்தித் தப்பப் பாக்குதுகள்" என்றது. நான் சொன்னேன், "மாத்தட்டும் பிள்ளை. மாத்த முதல் வீட்டுக்காரரிட்டை ஒரு சொல்லுக் கேக்கக்கூடாதே?" அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டது.

ஆனி 27 முகூர்த்தம். நீங்கள் விமான ரிக்கற் போட்டாயிற்று, ஊரெல்லாம் சொல்லியாயிற்று. ஆகவே என் முடிவைக் கேளும். இந்தக் கடிதம் முடிந்த கையோடு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு மேலே போகிறேன். முட்டை, மணல் எல்லாவற்றையும் கூட்டி அள்ளிக் கரையில் விட்டுவிட்டு, பின்னேரத்துக்குள் பந்தல்கால் நாட்டுவேன். தம்பிராசா சொன்னால் சொன்னதுதான். யோசிக்காமல் விமானம் ஏறும்.

மச்சாளுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், உமக்கு அம்மன் கொஞ்சம் பொறுமையைத் தரட்டும்.

இப்படிக்கு,
குடிவைக்காத தம்பிராசா

பிற்குறிப்பு: மேலே போனேன். நேற்று முட்டையாகக் கிடந்ததில் மூன்று இன்று குஞ்சு. அதிலொன்று, என் சுண்டுவிரல் அளவுதான் இருக்கும், சுடுமணலில் ஓடிவந்து என் நிழலுக்குள் படுத்துவிட்டது. நகர்ந்தால் அதன்மேல் வெயில் படும். தாயும் தகப்பனும் தலைக்கவசத்தில் கொத்தக் கொத்த, விளக்குமாறும் கையுமாக அரைமணி நேரம் அப்படியே நின்றேன். தேடி வந்த உம்முடைய தங்கை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சண்டை நேரம் இடம்பெயர்ந்து போய்ச் சண்டிலிப்பாயிலை ஆரோ ஒரு மனிசன்ரை புகையிலைக் கொட்டிலுக்கை எட்டு மாசம் கிடந்தனாங்கள். அந்த மனிசன் ஒருநாளும் விளக்குமாத்தோடை வரேல்லை." நீரும் அந்தக் கொட்டிலில் எங்களோடுதான் இருந்தீர், மச்சான்.

பந்தல் போட்டாயிற்று. முழங்கால் உயரம், கிடுகு வேய்ந்தது, குஞ்சுகளுக்கு. தண்ணீருக்கு ஒரு தாம்பாளமும் வைத்திருக்கிறேன். பறக்க இன்னும் மூன்று கிழமை செல்லுமாம். அதற்குள் ஆடி பிறந்துவிடும், ஆடியில் குடிபூர முடியாது. ரிக்கற்றை ஆவணிக்கு மாற்றும். சாப்பாடு கீழே முற்றத்தில். மேலே உள்ள மணலை அள்ளமாட்டேன், அவர்கள் அடுத்த வருடமும் வருவார்கள்.