மாமனார் காரில் கால்சியம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மன்னிப்புக் கேட்பதற்காக நான் இதை எழுதவில்லை. எங்கள் சொந்தபந்தத்தில் கல்யாணம், காதுகுத்து, எழவு வீடு என்று எங்கே நாலு பேர் உட்கார்ந்தாலும் இந்தக் கதையை யாராவது எடுத்துவிடுகிறார்கள். சொல்லுகிற ஒவ்வொருவரும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்துச் சேர்த்து, இப்போது நான் காருக்கு அடியில் படுத்து அழுததாக ஆகிவிட்டது. நான் படுக்கவில்லை. அழவும் இல்லை. உட்கார்ந்தேன், அவ்வளவுதான். அதுவும் சீட்டில்.

நாமக்கல்லில் ஒரு கோழித்தீவன லேபில் வேலை பார்க்கிறேன். பண்ணைக்காரர்கள் தீவனத்தைப் பையில் கட்டிக்கொண்டு வருவார்கள். அதில் புரதம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு, கால்சியம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுவோம். முட்டை ஓடு மெல்லிசாகிவிட்டது என்றால் எங்களைத்தான் தேடி வருவார்கள். அதனால் எந்த ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தாலும் பாதி வியாதி எனக்குத் தெரிந்துவிடும் என்று ஒரு நினைப்பு உண்டு. (அந்த நினைப்பு இன்னும் போகவில்லை. போகவும் போகாது.)

கல்யாணமாகி நான் வந்து சேர்ந்த வீடு ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகிற வழியில் இருக்கிறது. வாசலில் ஒரு பழைய டீசல் கார் நிற்கும். என் வீட்டுக்காரர் டவுசர் போட்டுப் பள்ளிக்கூடம் போன காலத்தில் மாமனார் வாங்கியது. அவர் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் லாரிக்கு லோடு பிடித்துக் கொடுத்த மனுஷருக்குத் தன் பெயரில் இருந்த ஒரே வண்டி அதுதான். காலையில் ஸ்டார்ட் செய்தால் கொஞ்சம் புகை விடும். புகை கலைந்ததும் நல்ல பிள்ளையாக ஓடும்.

என் வீட்டுக்காரர் சரவணனுக்கு அதைக் கண்டாலே ஆகாது. "வாசலை அடச்சுட்டு நிக்குது. ரேடியேட்டருக்கு எத்தன தண்ணி ஊத்தினாலும் பத்தறதில்ல. இஞ்சின் குடிக்குதுங்கப்பா" என்பார்.

"வெயிலுக்கு ஆவியாப் போவுது. ஏன், நீ குடிக்கறதில்லயா தண்ணி?" என்பார் மாமனார்.

சாப்பிட உட்கார்ந்தால் இந்தச் சண்டைதான். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய் ஒருநாள் நான் தட்டை வைத்துவிட்டுச் சொன்னேன்: "ரெண்டு பேரும் வாயிலயே சண்ட போட்டா எப்படிங்க? ஆயில டெஸ்ட்டுக்குக் குடுங்க. இஞ்சினுக்குள்ள என்ன நடக்குதுன்னு ஆயில் சொல்லிப்போடும்."

இது ஒன்றும் நானாகக் கண்டுபிடித்ததல்ல. எங்கள் பக்கம் தண்ணீருக்கு நிலத்தைத் துளைத்துப் போர் போடும் ரிக் வண்டிக்காரர்கள் ஓடிய ஆயிலை பாட்டிலில் பிடித்து லேபுக்கு அனுப்புவார்கள். ஆயிலில் இரும்பு ஏறியிருந்தால் உள்ளே ஏதோ தேய்கிறது, மண் ஏறியிருந்தால் பில்டர் சரியில்லை, தண்ணீர் இருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று இஞ்சினைப் பிரிக்காமலே கண்டுபிடித்துவிடலாம். மனிதருக்கு ரத்தம் எடுத்துப் பார்க்கிற மாதிரிதான்.

மாமனார் கையைக் கழுவிவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார். "செரி. அம்மிணி பாத்துச் சொல்லட்டும். அது என்ன சொல்லுதோ அதுக்கு நானும் கட்டுப்படறேன், நீயும் கட்டுப்படோணும்."

அந்த வீட்டில் அதுவரை என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள், குழம்புக்குப் புளி போதுமா, தண்ணி மோட்டாரை நிறுத்தியாச்சா, இவ்வளவுதான். இப்போது ஒரு காரின் ஆயுசையே என் கையில் கொடுக்கிறார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆயில் மாற்றும்போது நானே பக்கத்தில் நின்றேன். இஞ்சின் சூடாக இருக்க வேண்டும், முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும், ஆயில் லேபில் கொடுத்த பாட்டிலைத் தவிர வேறெதுவும் கூடாது என்று மெக்கானிக்கை ஒருவழி பண்ணிவிட்டேன். மாதிரி எடுத்ததில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. இதைக் கதை சொல்லுகிறவர்கள் யாரும் சொல்வதில்லை.

ரிப்போர்ட் வந்தது. சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, பேனாவோடு உட்கார்ந்தேன். எதிரே மாமனார், மாமியார், சரவணன் மூன்று பேரும் பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். இரும்பு, செம்பு, அலுமினியம் எல்லாம் சின்னச் சின்ன எண்கள். சரி. மண் குறைவு. சரி. தண்ணீர் இல்லை. சரி. அடுத்த வரியில் கால்சியம். அதற்கு நேரே இரண்டாயிரத்துச் சொச்சம்.

பேனாவால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். கால்சியம் எங்கிருந்து வரும் என்று எங்கள் ஊரில் பிறந்த குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். போர்த் தண்ணீர்! வெந்நீர் போடுகிற பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதே, குழாய் வாயை அடைக்கிறதே, அதே சுண்ணாம்பு. அந்தத் தண்ணீரைத்தான் மாமனார் ரேடியேட்டரில் ஊற்றுகிறார். அது உள்ளே ஒழுகி ஆயிலில் கலக்கிறது. இஞ்சின் சூட்டில் தண்ணீர் ஆவியாகிவிடுகிறது, அதனால்தான் ரிப்போர்ட்டில் தண்ணீர் இல்லை. சுண்ணாம்பு மட்டும் தங்கிவிடுகிறது. ரேடியேட்டரில் தண்ணீர் குறைவதற்கும் இதுவே காரணம். இவ்வளவு அழகாக எல்லாம் பொருந்தினால் யார்தான் சந்தேகப்படுவார்கள்?

அதற்கடுத்து ஜிங்க், பாஸ்பரஸ் என்று இரண்டு வரி. அதுவும் நூற்றுக்கணக்கில். ஒரு நொடி திகைத்தேன். ஒரே நொடிதான். எங்கள் போருக்குப் பக்கத்தில் குச்சிக்கிழங்குக் காடு, அதாவது மரவள்ளித் தோட்டம், இருக்கிறது. அந்தக் காட்டுக்காரர் உரத்தை வஞ்சனையில்லாமல் போடுகிறவர். உரம் நிலத்தில் இறங்கி, போரில் கலந்து, ரேடியேட்டர் வழியாக மாமனார் இஞ்சினுக்குள் போய்விட்டது!

"கீழ நார்மல்னு போட்டிருக்கே?" என்றார் சரவணன்.

"அது லாரிக்கான கணக்குங்க. லாரியில ஊத்தற ஆயில் எத்தன, இதுல ஊத்தறது எத்தன?" என்று ஒரே போடாகப் போட்டேன்.

மாமியார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமனார் கேட்டார், "அப்ப என்ன அம்மிணி பண்றது?"

"இஞ்சின் பிளாக்கே ஒழுகுதுங்க மாமா. செலவு பண்றது வீண்."

அவர் பிள்ளையோடு வருஷக்கணக்கில் மல்லுக்கு நின்றவர். என்னோடும் ஒரு சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. "அம்மிணி சொன்னாச் செரியாத்தான் இருக்கும்" என்று எழுந்து வெளியே போனார். போய் வண்டிக்குள் இருந்த முருகன் படத்தைப் பெயர்த்து எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்காருகிறவர் கொல்லைப்பக்கம் போய் உட்கார ஆரம்பித்தார். எனக்கு அது உறுத்தியது. ஆனாலும் அறிவியல் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். போதாததற்கு வேலியோரம் நின்ற குச்சிக்கிழங்குக் காட்டுக்காரரிடம், "அண்ணா, உரத்தக் கொஞ்சம் கம்மியாப் போடுங்க, காருக்குள்ள வருது" என்றும் சொல்லி வைத்தேன். அவர் வாயைத் திறந்தவர் மூடவில்லை.

சரவணன் சேலத்தில் பழைய வண்டிகளை உடைக்கும் பாய் ஒருவரிடம் பேசி முடித்துவிட்டார்.

இதற்கிடையில் லேபில் ஒருநாள் தீவனத்துக்குக் கால்சியம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் முதல் வேலை, தீவனமே போடாமல் சோதனைக்கு ஊற்றுகிற மருந்தை மட்டும் வைத்து ஒருமுறை பார்ப்பது. பிளாங்க் என்போம். மருந்திலேயே ஏதாவது இருந்தால் அதைக் கழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பழி தீவனத்தின் மேல் விழும். பிளாங்க் போடாத ரிப்போர்ட்டை நான் கையில்கூடத் தொடமாட்டேன் என்று அந்த லேபில் எனக்குக் கெட்ட பெயரே உண்டு. குடுவையைக் குலுக்கிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. ஓடிய ஆயிலைப் பார்த்தேனே, புது ஆயிலைப் பார்த்தேனா?

மாமனார் எப்போதும் ஒரே ஆயில்தான் வாங்குவார். மீந்தது கேனில் இருந்தது. யாருக்கும் தெரியாமல் அதிலிருந்து கொஞ்சம் எடுத்து அதே ஆயில் லேபில் கொடுத்தேன்.

ரிசல்ட் போனுக்கு வந்தது எப்போது என்கிறீர்கள்? காலையில் நான் நைட்டியில் நின்று சட்னி அரைத்துக்கொண்டிருக்கும்போது. வாசலில் பாயின் லாரி வந்து நின்று, சங்கிலி கிணுகிணுக்கிற சத்தம் கேட்கும்போது. மிக்சியை நிறுத்திவிட்டுப் போனைப் பார்த்தேன். கேனிலேயே இருந்து, ஒரு பொழுதும் இஞ்சினைப் பார்த்தறியாத புது ஆயில். அதில் கால்சியம், ஓடிய ஆயிலைவிட ஒரு பிடி கூடவே இருந்தது. ஜிங்க் இருந்தது. பாஸ்பரஸ் இருந்தது.

அடுத்து நடந்ததைத்தான் ஆளாளுக்குத் திரித்துச் சொல்கிறார்கள். நைட்டி மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு ஓடினேன். சங்கிலி மாட்டப் போகிறார்கள். வாயால் சொன்னால் யார் கேட்பார்கள்? டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

"வண்டி குடுக்கறதில்லீங்க பாய்."

பாய் குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். "என்னம்மா இது? இன்ஜின் போச்சுன்னு நீங்கதான் சொன்னதா உங்க வீட்டுக்காரர் சொன்னாரு."

"நாந்தாங்க சொன்னேன். நான் சொன்னது தப்புங்க."

"கவிதா, உள்ள வா. தெருவே பாக்குது" என்று பல்லைக் கடித்தார் சரவணன்.

தெரு பார்த்தது உண்மைதான். பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டார். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட வந்தவர்கள் வாளியோடு நின்றார்கள். ஆனால் எனக்கு அந்தக் கூட்டத்தில் கண்ணில் பட்டது ஒரே ஒரு ஆள்தான். கொல்லையிலிருந்து வந்து, சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு மாமனார் நின்றிருந்தார். என் பேச்சை நம்பித் தன் வண்டியை விட்டுக்கொடுத்த மனுஷர். மானம் போனால் போகட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"மாமா, அந்தக் கால்சியம் ஒழுகி வந்ததில்லீங்க. அழுக்கு படியாம இருக்கறதுக்கு ஆயில் கம்பெனிக்காரங்களே சேக்கறதுங்க. ஜிங்கும் பாஸ்பரசும் இஞ்சின் தேயாம இருக்கறதுக்குங்க. புது ஆயில்லயும் அத்தனையும் இருக்குது. உங்க இஞ்சின் நல்லா இருக்குதுங்க மாமா. லேப்காரங்க நார்மல்னுதான் போட்டாங்க, நாந்தான் கேக்கல."

வேலிப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "அப்ப என்ற உரத்துல குத்தமில்லீங்களா அம்மிணி?"

பாய் முதலில் சிரித்தார். பிறகு தெரு சிரித்தது. சரவணன் மட்டும் விடாமல், "அப்ப ரேடியேட்டர் தண்ணி எங்க போவுதாமா?" என்று வண்டிக்கு அடியில் கையை விட்டவர், நனைந்த கையோடு எழுந்தார். ரேடியேட்டர் குழாயின் கிளிப் தளர்ந்து சொட்டிக்கொண்டிருந்தது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

மாமனார் மெதுவாக வந்தார். சட்டைப்பையிலிருந்து முருகனை எடுத்து வைத்தார். "அந்தப் பக்கம் நவுந்து உக்காரு சாமி" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஏறி, சாவியைத் திருப்பினார். வண்டி தெரு முழுக்கப் புகை விட்டது. நைட்டியும் துண்டுமாக என்னை வைத்துக்கொண்டே மெயின் ரோடு வரை போய்த் திரும்பினார். வழியில் கண்ணைத் துடைத்துக்கொண்டது அவர்தான், நான் இல்லை. (கதை சொல்லுகிறவர்கள் இதையும் கொஞ்சம் கவனிக்கலாம்.)

கார் இன்றும் ஓடுகிறது. அடுத்த முறையும் ஆயிலை டெஸ்ட்டுக்குக் கொடுத்தேன், அதற்கடுத்த முறையும் கொடுத்தேன், இனியும் கொடுப்பேன். தப்பாகப் படித்தது நான், கண்டுபிடித்ததும் நான். கண்டுபிடிக்க வேறு யார் வந்தார்கள்? ஒரு குடும்பமே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது, ஒருவராவது புது ஆயிலை நினைத்தார்களா?

ஆனால் மாமியார் அன்றைக்கு எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. போன தீபாவளிக்கு வீடு நிறையச் சொந்தக்காரர்கள். ஏதோ ஒன்றுக்குச் சரவணன் பிடித்த பிடியை விடாமல் முறுக்கிக்கொண்டு நிற்க, நான் பொறுக்கமாட்டாமல் சொன்னேன், "அத்தை, கல்யாணமான புதுசுல இவரு இப்படி இல்லீங்க. வரவர இந்தப் பிடிவாதம் எங்கிருந்துதான் வருதோ?"

மாமியார் முறுக்குச் சுற்றுகிற கையை நிறுத்தவில்லை. மாமனார் உட்கார்ந்திருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"அது ஒழுகி வந்ததில்ல அம்மிணி," என்றார். "கம்பெனியிலயே ஊத்தினது."