காத்தாயியின் காய்ச்சல் வாதம்

ஒரு காட்டில் மிருகங்களுக்குப் பசி, கோபம், வயிற்றெரிச்சல் எல்லாம் தமிழில்தான் வந்தன. ஆனால் சிங்கராஜாவின் சபையில் மனு சொல்வதென்றால் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். தமிழில் சொன்னால் அது புலம்பல், ஆங்கிலத்தில் சொன்னால்தான் வழக்கு. அப்படி ஒரு சட்டம்.

அங்கே காத்தாயி என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். இரை தேடப் போய்த் திரும்புவதற்குள் அவள் வளையில் ஒரு நரி குடியேறிவிட்டது. மழைக்காலம் வேறு. பச்சிளங்குட்டிகள் புதரடியில் நனைந்து இருமிக்கொண்டிருந்தன. சபைக்குப் போவதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை.

ஆங்கிலம் கற்றுத்தரும் மைனாவிடம் ஓடினாள்.

"தமிழ்ல யோசிச்சு மாத்திப் பேசுறதுதாம்மா தப்பு. இங்கிலீஷ்லயே யோசி, தானா வரும்" என்றது மைனா.

காத்தாயி கண்ணை மூடி ஆங்கிலத்தில் யோசித்தாள். உள்ளே கும்மிருட்டு. குட்டிகளை நினைத்தாள், தமிழில்தான் 'ஐயோ' என்று வந்தது. நரியை நினைத்தாள், வந்ததெல்லாம் நல்ல தமிழ்தான், ஆனால் நாலு பேர் முன்னால் சொல்லக்கூடியதல்ல.

சபை கூடியது. வளையைப் பிடித்த நரியும் எதிர்த்தரப்பாக வந்து நின்றது. "ம், வளை வழக்கா? சொல்லு" என்றது சிங்கம்.

பாவம், அவள் மனது முழுக்கக் குட்டிகள்தான். ஆனால் காட்டோரப் பள்ளிக்கூடத்துச் சுவருக்குப் பின்னால் கிழங்கு தோண்டும்போதெல்லாம் பிள்ளைகள் கத்திக் கத்தி மனப்பாடம் செய்ததைக் கேட்டிருக்கிறாள் அல்லவா? வாயைத் திறந்ததும் அதுதான் கடகடவென்று கொட்டியது.

"ஆஸ் ஐ யாம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ரிக்வெஸ்ட் யூ டு கிராண்ட் மீ லீவ் ஃபார் டூ டேஸ்!"

சிங்கத்துக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லிவிட்டு ராஜாவாக இருக்க முடியுமா? பிடரியைக் கோதிக்கொண்டு மந்திரிக் கரடியைப் பார்த்தது.

"ஆழமான வாதம், மகாராஜா" என்றது கரடி. அதற்கும் வேலை போய்விடக் கூடாதே.

அந்தக் காட்டில் நரி ஒன்றுக்குத்தான் உண்மையிலேயே ஆங்கிலம் தெரியும். அது விழுந்து விழுந்து சிரித்தது. "மகாராஜா, இது வாதமே இல்லீங்க. 'எனக்குக் காய்ச்சல், ரெண்டு நாள் லீவு குடுங்க'ன்னு சொல்லுது. பிள்ளைங்க வாத்தியாருக்கு எழுதுறது. இதுகூடவா புரியல?"

அந்தக் கடைசிக் கேள்வியில்தான் நரி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது.

"யாருக்குடா புரியல?" என்று சிங்கம் கர்ஜித்தது. "அந்தம்மா மனசுல இருக்கறது அப்படியே வார்த்தையா வந்து விழுந்துச்சு. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. உனக்குத்தான் இங்கிலீஷ் தெரியல. வளையைக் காலி பண்ணு!"

நரியைக் காவல் நாய்கள் இழுத்துப்போயின. காத்தாயிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கும்பிட்டபடியே, "சாமி, என் புள்ளைங்க மழையில கெடந்து..." என்று தமிழில் ஆரம்பித்தாள்.

"நிறுத்தும்மா" என்றது சிங்கம். "மனசுல இருக்கறதையெல்லாம் சொல்லி, ஜெயிச்ச வழக்கைக் கெடுத்துக்காத."

நீதி: மனதில் இருப்பதற்கும் வாயில் வருவதற்கும் சம்பந்தம் இல்லாவிட்டால் பாதகமில்லை. சம்பந்தமில்லை என்று சபையில் எடுத்துச் சொல்கிறவனுக்குத்தான் வீடு போகும்.