எலிக்குப் பதில் நீற்றுப் பூசணிக்காய்

பொயிண்ட் குக்
20.11.2012

அன்பும் கோபமும் நிறைந்த மகள் சுலக்சனாவுக்கு,

கீழே குசினியில் நானும் அம்மாவும் நலம். மேலே சாத்திய கதவுக்குப் பின்னால் நீயும் அவ்வாறே இருக்க முருகன் துணை. மூன்று நாளாய் நீ என்னோடு கதைப்பதில்லை என்பதால் இதைக் கதவுக்குக் கீழால் தள்ளுகிறேன்.

சனிக்கிழமை நடந்ததை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. மிருகப் படம் போட்ட சீட்டு மட்டைகளை மோதவிடும் அந்த விளையாட்டின் இறுதிப் போட்டியில் வென்றால் சிட்னிக்குப் போகலாம் என்று, வேலையால் வந்த களைப்போடும் ஒரு வருஷம் பழகினாய். அன்றைக்கென்று ஆட்டத்தின் நடுவில், காரை நிறுத்தக் காசு கட்டிய நேரம் முடிந்துவிட்டது. காரை இடம் மாற்ற எனக்கோ லைசென்ஸ் இல்லை. எதிராளி லதீஸிடமும் நடுவரிடமும் சம்மதம் வாங்கி என்னை உன் கதிரையில் இருத்தினாய். "அப்பா, என்ர முறை வந்தா இந்த ரெண்டு சின்னதையும் பலி குடுத்திட்டு டிராகனை இறக்குங்கோ. வேற ஒண்டும் செய்யாதேங்கோ" என்று சொல்லிவிட்டு ஓடினாய். நானும் ஓம் என்றேன். அன்று கந்தசஷ்டி ஐந்தாம் நாள் என்பதை ஓம் சொன்ன வாய் யோசிக்கவில்லை. மட்டையைப் பார்த்தால் ஒன்றில் விளக்குப் பிடித்த எலி, மற்றதில் மூக்கொழுகும் ஆமை. எலி பிள்ளையாரின் வாகனம். தம்பியின் விரதத்தில் தமையனின் வாகனத்தை வெட்டுவதா? கோயிலில் செய்வதுபோல் பலிக்குப் பதிலாக ஒரு நீற்றுப் பூசணிக்காயை வெட்டலாமா என்று நடுவரைக் கேட்டேன். அந்த வெள்ளைக்காரப் பிள்ளை மரியாதையாக விதிப்புத்தகம் முழுவதையும் புரட்டிவிட்டு, பூசணிக்காய்க்கு இடமில்லை என்றது. "அங்கிள், இது வெறும் மட்டைதானே, பலி குடுங்கோ" என்று லதீஸே எனக்குப் புத்தி சொன்னான், பார். நான் கேட்கவில்லை. முறையை அவனிடமே விட்டேன். அவன் தன் சின்னதுகள் மூன்றையும் கண்வெட்டாமல் பலி கொடுத்து ஒரு பூதத்தை இறக்கினான். பூதம் முதலில் எலியைத் தின்றது, பிறகு ஆமையை, பிறகு உன் ஆட்டத்தை. நீ கார்ச் சாவியோடு வந்து நின்று, "ஏனப்பா?" என்று மட்டும் கேட்டாய். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நான் காப்பாற்றியவை இரண்டு நிமிஷம்கூட இருக்கவில்லை, பிள்ளை. போனது உன் ஒரு வருஷம். என்னை மன்னிச்சுக்கொள்.

அடுத்த வருஷம் வேலவன் உன்னைச் சிட்னிக்கு அனுப்பி, என்னை வீட்டில் இருத்துவானாக.

இப்படிக்கு,
ஓர் உயிருக்கும் தீங்கு நினையாத அப்பா,
சிவபாதசுந்தரம்

பி.கு: விரதம் நேற்றோடு முடிந்தது. இன்று ஆட்டுக்கறி. இளங்குட்டியாய்ப் பார்த்து, பக்கத்தில் நின்று நானே வெட்டுவித்து வாங்கி வந்தேன். ஆறமுதல் இறங்கி வா. ஈரல் முழுவதும் உனக்கு.